கக்கத்தில் மைப்பெட்டி

மைனஸ் முப்பத்தெட்டில் மை உறைந்துவிடும்.
வங்கியின் கையேட்டில் இது இல்லை.
தோல்கோர் தானாகக் கண்டுபிடித்தாள்:
மைப்பெட்டியைக் கக்கத்தில் செருகிக்கொண்டால்
மூன்றாவது கணவாய் தாண்டும்வரை இளகியிருக்கும்.
அப்படித்தான் போனாள்
கோபி-அல்தாயின் கடைசிக் கூடாரம்வரை,
மூக்கு மழுங்கிய ரஷ்ய வேனில்,
ஓர் இரும்புப் பெட்டி, ஓர் ஓட்டுநர்,
பூனை மாதிரி உறுமும் ஹீட்டர்.

முதல் வருடம் யாரும் பணம் தரவில்லை.
தேநீர் தந்தார்கள், உப்புப் போட்டது.
போன வங்கி எங்கே என்று கேட்டார்கள்,
ஒரே ராத்திரியில் இழுத்து மூடியது.
அதன் பாஸ்புக்குகளைக் குழந்தைகள்
பொம்மைக்குப் படுக்கையாக விரித்திருந்தன.
அவளிடம் பதில் இல்லை.
இன்னொரு கிண்ணம் குடித்தாள்.

பணம் இருந்தது.
பூட்ஸுக்குள், மாவுத் தகரத்தில், புத்தர் படத்தின் பின்னால்,
ஒரு வீட்டில் சேணத்தின் உள்தையலில்.
குதிரையை விற்றபோது
சேணத்தோடு போய்விட்டதாம் நான்கு வருடச் சேமிப்பு.
இதைச் சொல்லிச் சிரித்தவன்தான்
முதல் கணக்கைத் திறந்தான். பெயர் பூரெவ்.
கைநாட்டு வைத்தான், ரேகை விழவில்லை.
கயிறு இழுத்து இழுத்து வழித்தெடுத்த விரல்கள்.
பத்தும் முயன்று
இடது சுண்டுவிரலில் கொஞ்சம் கிடைத்தது.
போதும் என்றாள்.

மாதம் ஒருமுறை வேன் வரும்.
மாதம் ஒருமுறை பூரெவ் கேட்பான்:
"என் பணத்தைக் காட்டு."
முழுவதையும் எடுப்பான், எச்சில் தொட்டு எண்ணுவான்.
சரியாக இருந்தால் முகத்தில் ஏமாற்றம் மாதிரி ஒன்று.
திரும்பக் கொடுப்பான்.
எடுத்ததற்கு ஒரு சீட்டு, போட்டதற்கு ஒரு சீட்டு,
இரண்டுக்கும் சுண்டுவிரல்.
தலைமையகம் எழுதியது: இந்தக் கணக்கில் அசாதாரண நடமாட்டம்.
அவள் எழுதினாள்: ஒன்றுமில்லை. பார்த்துக்கொள்கிறார்.

பிறகு கடன் வந்தது.
ஆடுதான் ஈடு.
மாடு என்ற சொல்லுக்குச்
செல்வம் என்றும் பொருள் வைத்த நமக்கு
இது புதிதல்ல.
நூற்றெழுபது எண்ணினாள், கொம்பைத் தொட்டுத் தொட்டு.
வட்டி குட்டி போடும் என்பார்கள்,
அங்கே ஆடும் போட்டது.
இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின.
முதல் மூன்று வசந்தம் ஆடு முந்தியது.

நான்காவது குளிரில்
பனி பெய்து, உருகி, மறுபடி உறைந்தது.
புல்லுக்கு மேல் கண்ணாடி.
அதற்கு அங்கே ஒரே அசையில் பெயர் உண்டு;
சத்தமாகச் சொல்ல யாரும் விரும்புவதில்லை.

மார்ச்சில் அவளை வசூலுக்கு அனுப்பினார்கள்.
பூரெவ் வெளியே வந்தான். இம்முறை கேட்டது வேறு:
"என் கடனைக் காட்டு."
பேரேட்டைத் திறந்தாள்.
"இது மை" என்றான்.
குன்றின் பின்னால் கூட்டிப்போனான்.
விறகு மாதிரி அடுக்கியிருந்தான்.
"எண்ணிக்கொள்."
எண்ணினாள். வேறென்ன தெரியும் அவளுக்கு.
நூற்று நாற்பத்தொன்று.
சிலவற்றுக்குக் கண் திறந்திருந்தது.

படிவத்தில் 'தவணை தவறிய காரணம்' என்று ஒரு கட்டம்.
பனி என்று எழுதினாள்.
விரிவாக எழுதுக என்று திரும்பி வந்தது.
பனி, பனி என்று எழுதினாள்.
தவணை இரண்டு வருடம் தள்ளிப்போனது.
தள்ளுபடி இல்லை.
வட்டி மட்டும் அந்தக் குளிரிலும் சாகவில்லை.
இதை அவள் மறைத்ததில்லை,
விழாப் பேச்சுகளில் சொன்னதுமில்லை.

ஆறு வருடத்தில் கட்டி முடித்தான் பூரெவ்,
தெற்கே நிலக்கரி லாரி ஓட்டி.
கடைசித் தவணையன்று தேநீர் தரவில்லை.
அடுத்த மாதம் தந்தான்.

போன வெள்ளிக்கிழமை உலான்பாத்தரில் பிரிவு உபசாரம்.
இருபத்தாறு வருடம், பதினோராயிரம் கணக்கு,
ஒரு சுவர்க்கடிகாரம்.
இப்போது எல்லாம் செல்பேசியில்.
வரவு வந்தால் மணியடிக்கிறது;
வருகிறவர் யாருமில்லை.
அதைக் கெடுதல் என்றும் சொல்ல மாட்டாள்.
அந்தக் கணவாய்களில் ஓட்டுநர் லுவ்சான் விட்டுவந்தது
இரண்டு கால்விரல்.

பேருந்துக்கு நின்றாள், கடிகாரத்தை அணைத்துக்கொண்டு.
வலது கை தானாக இடது கக்கத்துக்குப் போனது.
அங்கே ஒன்றும் இல்லை.
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.
ஏறி அட்டையைத் தட்டினால்
போதிய இருப்பு இல்லை
என்றது கருவி.